ரப்பரும் எஃகும்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் வட்டாரப் பள்ளிகளில் நான் அறிவியல் கற்பித்த ஆண்டுகளில், பொருள்களின் பண்புகள் என்ற பாடம் வரும்போதெல்லாம் ரப்பரையும் எஃகையும் பற்றி அதே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுந்தன. பணி ஓய்வுக்குப் பிறகும் அவை நிற்கவில்லை. பேருந்து ஓட்டுநர்களும், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களும், அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களும் வெவ்வேறு சொற்களில் அவற்றையே கேட்டார்கள். கேட்டவர்கள் பேசியபடியே கேள்விகளை எழுதி, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே அடுக்கியிருக்கிறேன்.

1. சார், ரப்பர் பலமா, ஸ்டீல் பலமா?

'பலம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று பண்புகளை அடைத்து வைத்திருக்கிறோம். அறுந்துபோகாமல் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது ஒன்று. விசை கொடுக்கும்போது வடிவம் மாறாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்னும் விறைப்பு மற்றொன்று. உடையாமல் எவ்வளவு ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் எஃகுதான் முந்தும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள சாதாரண எஃகுக் கம்பி அறுபடுவதற்குச் சுமார் 40 கிலோ எடை வேண்டும். அதே பருமனுள்ள நல்ல ரப்பர் இழை ஏறக்குறைய 2 கிலோவிலேயே அறுந்துவிடும்.

ஆனால் எஃகு ரப்பரைப் போல எட்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆகவே ஒரே எடையுள்ள எஃகையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், இருபது மடங்காகத் தெரிந்த இடைவெளி இரண்டு மூன்று மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மூன்றாவது பண்பில் நிலைமை தலைகீழாகிறது: ஒரு கிலோ ரப்பர் இழுபட்டுச் சேமிக்கும் ஆற்றலை ஒரு கிலோ எஃகுச் சுருள்வில் சேமிக்க முடியாது. உண்டிவில்லுக்கு ரப்பர்ப் பட்டையைக் கட்டுகிறோமே தவிர எஃகுக் கம்பியைக் கட்டுவதில்லை என்பதன் காரணம் இதுதான்.

2. இரும்பு, எஃகு, எவர்சில்வர் எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றுக்கும் அடிப்படை இரும்புதான். அதனோடு சேர்ந்திருப்பவை வேறு. இரும்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான அளவில் கரி சேரும்போது எஃகு கிடைக்கிறது. கட்டடக் கம்பியில் இருப்பது கால் விழுக்காட்டை ஒட்டிய அளவுதான். இவ்வளவு சிறிய சேர்க்கை ஒரு பொருளின் குணத்தையே மாற்றிவிடுவது இன்றும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. இந்த மலையில் வழிவழியாகக் கொல்லுத் தொழில் செய்துவந்த கோத்தர்கள் கத்தியையும் கோடரியையும் உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து முனையைக் கடினமாக்கியதும் அந்தக் கரியைக் கையாளும் கலையே.

எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். பாத்திரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். குரோமியம் காற்றுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்வதால் துரு உள்ளே இறங்குவதில்லை. மாதக்கணக்கில் பனிமூட்டமும் மழையும் சூழ்ந்திருக்கும் நம் ஊரில் சாதாரண இரும்புக் கதவு ஒரே பருவத்தில் துருப்பிடிப்பதையும் எவர்சில்வர் குடம் அப்படியே இருப்பதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இலையை நசுக்கிக் கிழிக்கும் உருளைகள் எவர்சில்வரால் செய்யப்படுவதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு: தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் சாதாரண இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். வாழைப்பூ அரிந்த இரும்புக் கத்தி கறுப்பதும் இந்த வினையால்தான்.

3. மரத்துல வடியுற பாலு எப்படி இவ்வளவு கெட்டியான டயராகுது?

ரப்பர் மரத்தின் பால் மூன்றில் ஒரு பங்கு ரப்பரும் மிச்சம் பெரும்பாலும் நீருமாக இருக்கும். வெப்பமான ஈரக்காற்று வேண்டும் மரம் என்பதால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் செழிக்கிறது. உதகையின் குளிரில் பிழைக்காது. பாலில் சிறிது அமிலம் விட்டு உறைய வைத்து, தகடாக அழுத்தி உலர்த்தினால் கச்சா ரப்பர் கிடைக்கும். அது வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1820களில் ரப்பர் பூசிய மழைச்சட்டைகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது, வாங்கியவர்களை வருத்தியது இந்தக் குணமே.

1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குகிறது என்று கண்டார். 1844இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். கச்சா நிலையில் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். கந்தகம் அவற்றுக்கிடையே ஆங்காங்கே பாலம் போட்டுவிடுவதால், இழுத்தால் நீள்கின்றன, விட்டால் பழைய இடத்துக்கு வந்தே ஆகவேண்டியிருக்கிறது. இதைத்தான் வல்கனைசேஷன் என்கிறோம். கந்தகம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்ந்தால் நெகிழும் ரப்பர் கிடைக்கும். முப்பது பங்கு சேர்ந்தால் மரக்கட்டைபோல் கடினமான எபோனைட் ஆகிவிடும். டயருக்குக் கறுப்பு நிறம் தருவது அதில் கலக்கும் கரித்தூள். தேய்மானத்தைக் குறைப்பதும் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுவே.

4. ரப்பரைவிட எஃகுக்குத்தான் மீட்சித்தன்மை அதிகம்னு புத்தகத்துல போட்டிருக்கு. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்கும் பிள்ளை சிந்திக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. நாம் அன்றாடம் 'எலாஸ்டிக்' என்னும்போது நினைப்பது எவ்வளவு தூரம் நீளும் என்பதை. இயற்பியல் கேட்பது வேறு: உருக்குலைக்க முயலும் விசையை அந்தப் பொருள் எவ்வளவு வலுவாக எதிர்த்து, பழைய வடிவத்துக்குத் திரும்ப முனைகிறது? தகைவை (ஓரலகு பரப்பின்மேல் செயல்படும் விசையை) திரிபால் (நீளம் எத்தனை பங்கு மாறியது என்பதால்) வகுத்துக் கிடைக்கும் யங் குணகம் அதற்கான அளவுகோல். எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல், அதாவது இரண்டு லட்சம் மெகாபாஸ்கல். மென்மையான ரப்பருக்கு ஒன்றிரண்டு மெகாபாஸ்கல் மட்டுமே. வேறுபாடு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு.

இதைக் கண்ணால் காணவேண்டுமானால், முதல் கேள்வியில் சொன்ன ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியை ஒரு மீட்டர் நீளத்துக்கு எடுத்து 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். அது அரை மில்லிமீட்டர் நீளும். எடையை எடுத்தால் அந்த அரை மில்லிமீட்டரும் முழுமையாகத் திரும்பிவிடும். ரப்பர் இழையிலோ 100 கிராம் எடையே நீளத்தை ஏறக்குறைய இருமடங்காக்கிவிடலாம். எஃகின் மீட்சிக்கு எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: சாதாரண எஃகு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீண்டாலே நிலையாக வளைந்துவிடும்; ரப்பர் ஐந்தாறு மடங்கு நீண்டும் திரும்பி வரும்.

திரும்பி வரும்போது என்ன இழக்கப்படுகிறது என்பதும் முக்கியம். இழுத்து விட்ட ரப்பர் தான் வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. எஃகு மிகச் சிறிதளவே இழக்கிறது. கடிகாரத்துக்கும் லாரிக்கும் எஃகு வில் பொருந்துவதும், அதிர்வை விழுங்கவேண்டிய எஞ்சின் இருக்கைகளுக்கு ரப்பர் பொருந்துவதும் இதனால்தான். பள்ளி மணியை எஃகில் செய்தால் நெடுநேரம் ஒலிக்கும். ரப்பரில் செய்தால் தட்டிய கையோடு அடங்கிவிடும்.

5. உறைபனி காலையில கேட்டைத் தொட்டா கை விறைக்குது, கைப்பிடி ரப்பரைத் தொட்டா ஒண்ணும் ஆகலையே?

இரவு முழுவதும் ஒரே இடத்தில் இருந்த இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பநிலைமானியை வைத்துப் பார்த்தால் தெரியும். நம் விரல் உணர்வது, தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதையே. சாதாரண எஃகு ரப்பரைவிட முந்நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், விரலின் சூட்டை இழுத்துக் கம்பி முழுவதும் பரப்பிவிடுகிறது. எவர்சில்வர் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும் என்றாலும், ரப்பருக்கு அருகில்கூட வராது.

6. ஊட்டிக் குளிருக்கு ரப்பர் வெடிக்குமா? என் பூட்ஸ் மடிப்புல கீறல் கீறலா இருக்கே?

குளிர்மீது பழி போடவேண்டாம். இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் நொறுங்குவதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 70 டிகிரி குளிர் வேண்டும். தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல் வெளுக்கும் உறைபனி பூஜ்யத்தை ஒட்டியதுதான். அதில் ரப்பர் சற்று விறைக்கும், அவ்வளவே.

மடிப்பில் குறுக்காக விழும் கீறலுக்குக் காரணம் காற்றில் சிறிதளவு இருக்கும் ஓசோன். இழுபட்ட நிலையில் உள்ள ரப்பர்ச் சங்கிலிகளை அது வெட்டுகிறது. எனவேதான் கீறல் எப்போதும் மடிப்பிலேயே தொடங்குகிறது. வெயிலும் இதற்குத் துணை போகும். அட்டைக்கடிக்குப் பயந்து தோட்டத்துக்குப் போட்டுச்செல்லும் பூட்ஸை வேலை முடிந்ததும் கழுவி, மடிக்காமல் நிமிர்த்தி, நிழலில் வைத்தால் பல காலம் உழைக்கும்.

7. பஸ் சும்மா ஏறுற மலையை ரயில் மட்டும் ஏன் பல்சக்கரம் வெச்சு ஏறுது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைவரை 1908இலும் வந்த நமது மலை ரயிலைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்காத குழந்தை இருக்க முடியாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு ஒரு நாணயத்தின் அளவுக்குள் அடங்கும். இரண்டுமே விறைப்பானவை என்பதால் அழுந்திப் படிவதில்லை. உலர்ந்த நிலையில், சக்கரத்தின்மேல் இருக்கும் எடையில் கால் பங்கு அல்லது சற்று மேற்பட்ட அளவே பிடிமானம் கிடைக்கும். மழையிலும் பனிமூட்டத்திலும் தண்டவாளத்தில் இலை விழுந்து நசுங்கினாலும் அதுவும் பாதியாகக் குறைந்துவிடும்.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை ஏறக்குறைய பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் ஏறுகிறது. அதாவது 8 விழுக்காடு. பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்து எஞ்சினின் எடையைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால், சரிவில் கீழே இழுக்கும் விசை மட்டும் எஞ்சின் எடையில் 24 விழுக்காடு ஆகிறது. உலர்ந்த நாளில் அது எல்லையைத் தொடுகிறது; ஈரமான நாளில் சக்கரம் சுழலும், வண்டி நகராது. ஆகவே சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்களைப் பதித்து, ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்துக்கு நேராக வருமாறு அமைத்தார்கள். எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவதொரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது கட்டுப்படுத்துவதற்கும் அதுவே துணை.

பேருந்தின் டயர் சாலையின் கல் மேடு பள்ளங்களுக்குள் அழுந்திப் படிந்துகொள்கிறது. உலர்ந்த சாலையில் அதன் பிடிமானம் எடையில் பத்தில் ஏழு பங்கு வரை போகும். கொண்டை ஊசி வளைவில் வண்டி நிற்பதும் கிளம்புவதும் ரப்பரின் அந்தக் குணத்தால்தான். அதற்கு ஒரு விலையும் உண்டு: டயர் ஒவ்வொரு சுற்றிலும் அழுந்தி விரிவதால், நான்காவது பதிலில் சொன்ன வெப்ப இழப்பு ஓயாமல் நடக்கிறது. சமவெளியில் உருண்டு செல்ல டயருக்குத் தேவைப்படும் விசை, அதே எடையைத் தாங்கும் எஃகுச் சக்கரத்துக்குத் தேவைப்படுவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். கீழே ரயில் சிக்கனமாக ஓடுவதற்கும், இங்கே மலையில் அது தடுமாறுவதற்கும் காரணம் எஃகின் ஒரே குணம்.

8. மேட்டுப்பாளையத்துல 32 பவுண்டு காத்து பிடிச்சா, ஊட்டிக்கு வர்றப்ப காத்து ஏறிடுமா? கொஞ்சம் இறக்கணுமா?

இறக்கவேண்டாம். உதகையில் வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிடச் சுமார் 3 பவுண்டு குறைவு. அளவி காட்டுவது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை என்பதால், டயருக்குள் எதுவும் மாறாவிட்டாலும் அந்த 3 பவுண்டைக் கூட்டிக் காட்டும். ஆனால் மேலே குளிர் அதிகம்: கீழே 30 டிகிரியாக இருந்த டயர் மேலே 15 டிகிரிக்கு ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி 2 பவுண்டுக்குச் சற்று மேல் குறைகிறது. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஒரு பவுண்டுக்கும் குறைவு. விடிகாலையில் 5 டிகிரிக்கு இறங்கினால் 31 என்றுகூடக் காட்டும். ஏறி வந்து நின்ற உடனே அளந்தால் ஓட்டத்தின் சூட்டால் அளவு அதிகமாகத் தெரியும். அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு மலை இறங்க நேரும். டயர் ஆறிய பிறகே அளக்கவேண்டும்.

9. குக்கரே ஸ்டீல்தான், மூடியும் ஸ்டீல்தான். நடுவுல அந்த ரப்பர் கேஸ்கட் எதுக்கு? இங்க குக்கர் லேட்டாவும் வேகுதே?

எவ்வளவு மழமழப்பாகத் தேய்த்தாலும் எஃகின் மேற்பரப்பு நுண்ணோக்கியில் நம் மலைத்தொடரைப் போலத்தான் தெரியும். இரண்டு எஃகு விளிம்புகள் உச்சிகளில் மட்டுமே தொட்டுக்கொள்வதால் நீராவி பள்ளங்கள் வழியே கசிந்துவிடும். ரப்பரின் விசித்திரம் என்னவென்றால், வடிவத்தை எளிதில் மாற்றிக்கொள்ளும், பருமனளவை மாற்றிக்கொள்ளவே மாட்டாது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கி, கெட்டியான திரவம் போல இடைவெளிகளில் புகுந்துகொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற நீராவியே அதை விளிம்போடு நெருக்கிவிடுகிறது. பல மாதச் சூட்டில் ரப்பர் இறுகி, வளைத்தால் வெடிப்பு தெரியத் தொடங்கும்போது மாற்றிவிட வேண்டும். மாவைப் பூசிச் சமாளிப்பது ஆபத்து.

தாமதத்துக்கு கேஸ்கட் காரணமில்லை. உதகையில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரின் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவைக் கூட்டுகிறது. வெளிக்காற்றே இங்கு குறைவு என்பதால், கடலோரத்தில் 120 டிகிரியைத் தொடும் குக்கர் இங்கே 116 டிகிரி அளவில் நின்றுவிடும். ஆகவே பருப்புக்கு ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுவது சரியான வழக்கமே. வெயிட்டின்மேல் எதையும் கூட்டி வைக்கக் கூடாது.

10. பிரேக் ஆயில் இல்லேன்னா அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊத்தலாமா?

கூடவே கூடாது. பிரேக்கின் உருளையும் பிஸ்டனும் உலோகத்தால் ஆனவை. அழுத்தத்தைக் கசியாமல் காப்பவை உள்ளே இருக்கும் சிறு ரப்பர்க் கிண்ணங்கள். அந்த வகை ரப்பர், பிரேக்குக்கென்றே செய்த திரவத்தில் கேடின்றி இருக்கும். எஞ்சின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் பட்டால் அதை உறிஞ்சி ஊதிவிடும். என் பழைய காருக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் தவறான எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் மிதித்த பெடல் மேலே திரும்பவில்லை. நல்லவேளையாக அது வீட்டு வாசலிலேயே தெரிந்தது. பர்லியார் இறக்கத்தில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை. எஃகு அந்த எண்ணெயால் எந்தப் பாதிப்பும் அடையாது என்பதுதான் இந்தத் தவறை மறைத்துவிடுகிறது. எண்ணெய் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்கள் தனியே உண்டு. எந்த ரப்பர் எந்தத் திரவத்துக்கு என்பதை அறியாமல் மாற்றக்கூடாது.

11. ரப்பர் செருப்பு போட்டா ஷாக் அடிக்காது, ரப்பர் டயர் இருக்கிறதால கார்ல இடி விழாது. சரிதானே?

இரண்டும் ஆபத்தான அரை உண்மைகள். தூய ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரி. ஆனால் மழையில் நனைந்து சேறு படிந்த செருப்பின்மேல் ஓடும் ஈரம் கடத்தும், கரித்தூள் கலந்த கறுப்பு ரப்பரும் ஓரளவு கடத்தும். சில்வர் ஓக் மரத்தின் கிளையை நீளமான கம்பில் கட்டிய அரிவாளால் வெட்டும்போது மின்கம்பி அருகில் இருந்தால், எந்தச் செருப்பையும் நம்பாமல் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடங்கவேண்டும்.

மேகத்திலிருந்து பல நூறு மீட்டர் காற்றைப் பிளந்துவரும் மின்னலுக்கு, டயரின் சில அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை. மூடிய காருக்குள் நாம் பெரும்பாலும் தப்பிப்பது எஃகுக் கூட்டினால்தான்: மின்னோட்டம் அந்தக் கூட்டின் வெளிப்புறம் வழியாகவே தரைக்கு இறங்கிவிடுகிறது. துணிக்கூரை ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் அந்தக் காவல் கிடையாது.

12. பஞ்சர் ஒட்டுற கடையில பழைய டயரை அறுத்தா உள்ளே கம்பியா இருக்கே, ஏன்?

ரப்பருக்கு இழுவலிமை குறைவு என்று முதல் பதிலில் பார்த்தோம். டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவாமல் இருக்க எஃகுக் கம்பி வளையமும், ரேடியல் டயரில் சாலையைத் தொடும் பகுதிக்குக் கீழே எஃகிழைப் பட்டைகளும் வைக்கிறார்கள். எஃகோடு ரப்பர் எளிதில் ஒட்டாது. ஆகவே இழைகளுக்குப் பித்தளை பூசுகிறார்கள். சூட்டில் ரப்பரிலுள்ள கந்தகம் பித்தளையின் தாமிரத்தோடு வினைபுரிந்து இரண்டையும் பிணைத்துவிடுகிறது. சங்கிலிகளுக்குப் பாலம் போட்ட அதே கந்தகம் இங்கும் பாலம் போடுகிறது.

சமையல் எரிவாயுவுக்கான ஆரஞ்சு நிறக் குழாயும் உள்ளே எஃகுக் கம்பி கொண்ட ரப்பர்தான். எலி கடித்தாலும் கம்பி தடுக்கும், ஆனால் ரப்பர் மூப்படைவதை அது தடுக்காது என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பாலங்களின் அடியில் ரப்பரையும் எஃகுத் தகட்டையும் மாறி மாறி அடுக்கிய தாங்கிகள் இருக்கும்: மேலிருந்து அழுத்தும்போது ரப்பர் பக்கவாட்டில் பிதுங்காமல் தகடு பிடித்துக்கொள்கிறது, வெயிலில் பாலம் நீளும்போது ரப்பர் பக்கவாட்டில் சாய்ந்து வழிவிடுகிறது.

13. பழைய டயரை என்ன செய்யுறது? குளிருக்கு எரிச்சா நல்லா எரியுதே?

நன்றாக எரியும் என்பதே கேடு. கந்தகமும் எண்ணெய்களும் கரித்தூளும் சேர்ந்த அந்தப் புகை, குளிர்காலத்தில் நம் பள்ளத்தாக்குகளில் மேலே எழும்பாமல் வீடுகளைச் சூழ்ந்தே நிற்கும். போகியன்றும் இது வேண்டாம். எஃகை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கி வார்க்கலாம். வல்கனைசேஷன் ஆன ரப்பர் உருகாது, கருகும். அதைத் தூளாக்கிச் சாலைத் தாரில் கலப்பது ஒரு வழி. வாசலில் போட்டுவைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும் என்பதால், வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

14. சூடு பட்டா எல்லாம் நீளும்னு சொன்னீங்க. இழுத்துக் கட்டின ரப்பர் பேண்ட் மட்டும் ஏன் சுருங்குது?

இதைத் தானாகவே கண்டுபிடித்து வந்த ஒரு மாணவியின் கேள்வி இது. ஒரு மீட்டர் எஃகுக் கம்பி 100 டிகிரி சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்கள் அதிர்ந்து விலகுவதால் அது நிகழ்கிறது. இழுத்த ரப்பரிலோ நீண்ட சங்கிலிகள் வலுக்கட்டாயமாக நேராக்கப்பட்டு நிற்கின்றன. சூடேறும்போது அவை மேலும் துள்ளி, தங்கள் இயல்பான சுருண்ட நிலைக்குத் திரும்ப இழுக்கின்றன. அதனால் ரப்பர் சுருங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கில அறிஞர் தொட்டுணர்ந்தே இதைக் கண்டார். பின்னர் 1859இல் ஆங்கில இயற்பியலாளர் ஜூல் இதை அளந்து உறுதிசெய்தார்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். சற்று நேரம் இழுத்தபடியே வைத்திருந்து தளர்த்தி மீண்டும் வைத்தால் குளிரும். பிறகு அதை ஆணியில் மாட்டி, நன்றாக நீளும் அளவுக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, பூட்டின் அடிமட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை ஊதுங்கள். பூட்டு கோட்டைவிட்டு மேலேறும். தீக்குச்சியைப் பயன்படுத்தவேண்டாம், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.